சகலை பார்த்த கடலும் ஐயாதுரை பார்க்காத கிணறுகளும்

ஐயாதுரைக்குத் தண்ணீருக்குள் பெரிதாகப் பயம் எதுவும் கிடையாது. கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு வயிறு எரியும். அதிலும் எல்லோரையும் கண்டு இல்லை, ஒரே ஒருவரைக் கண்டு. அவர் சகலை சோலைராஜ். மனைவி பொன்மணியின் தங்கை வெள்ளைத்தாயைக் கட்டியவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் பம்புக் கடை வைத்திருப்பவர், ஆறு மாதத்துக்கு முன்பு அந்தமானில் ஒரே ஒரு தடவை கடலுக்குள் முங்கியவர்.

ஐயாதுரை முங்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

வன்னியம்பட்டியில் பிறந்து, வன்னியம்பட்டியிலேயே ஐம்பத்தொரு வயதைத் தொட்டுவிட்ட அவருக்கு வேலை இரண்டு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வெளுப்புப் பகுதியில் தினமும் காஸ் துணியை அவித்து, அலசி, உலர்த்துவது ஒன்று. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எது விழுந்தாலும் முங்கி எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு அடையாள அட்டை உண்டு, பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு. இரண்டாவது வேலைக்கு ஒரு கயிறும் ஒரு டவுசரும் மட்டும்தான். ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் முங்கு ஐயாதுரை. காஸ் துணி ஐயாதுரை என்று கம்பெனி வாட்ச்மேன்கூடச் சொன்னதில்லை.

அவர் முங்குகிற விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. தண்ணீர் தலையைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொள்வார், மேலே வந்த பிறகுதான் திறப்பார். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஒரு ஆள் உயரம் வரைக்கும் தண்ணீர் பச்சை, இரண்டாம் ஆள் உயரத்தில் கறுப்பு, அதற்குக் கீழே நிறம் என்ற பேச்சே கிடையாது. திறந்து வைத்தால் கண்ணில் சகதிதான் சேரும். ஆகவே பார்க்கிற வேலையைக் கைக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷமாகத் தண்ணீருக்குள் போய்வந்த மனிதர் தண்ணீருக்குள் எதையும் பார்த்ததில்லை என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஐயாதுரைக்கு அது வேடிக்கையாக இல்லை.

கைக்கு அகப்பட்டவை என்னவோ கொஞ்சமல்ல. ஒரு தடவை, மோட்டாரைத் தேடிச் சகதியில் துழாவியபோது உருண்டையாக ஒரு வயிறு தட்டுப்பட்டது. வயிற்றுக்கு மேலே தடவினால் வளைந்த ஒரு தும்பிக்கை. மழை பொய்த்த வருஷத்தில், மழை வேண்டி யாரோ கொண்டுவந்து முக்கிவிட்டுப் போன பிள்ளையார். ஐயாதுரை அங்கேயே, முப்பதடித் தண்ணீருக்கு அடியில், இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீருக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டால் சத்தமும் வராது, வலிக்கவும் செய்யாது, பிள்ளையார் கணக்கில் எடுத்துக்கொள்வாரா என்பது தெரியவில்லை. இன்னொரு தடவை, கிணற்றுக்காரர் யாரையோ ஏசியபோது உள்ளே விழுந்த அவருடைய பல்செட்டு. சகதிக்குள் விரல் சரியாக இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் போய் நின்றபோது, கடிக்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய இரும்பு உத்திரத்தில் டவுசர் மாட்டி, மேலேயும் போக முடியாமல், கீழேயும் போக முடியாமல் நின்ற ஒரு மத்தியானம். சாகப்போகிற நேரத்தில் மனசில் என்னென்னவோ ஓடும் என்பார்கள். அவர் மனசில் ஓடியது கம்பெனியில் ஸ்டீம் வால்வை மூடினோமா என்கிற ஒரே கேள்விதான். கடைசியில் டவுசரை உத்திரத்துக்கே விட்டுக்கொடுத்து உயிரோடு மேலே வந்தார். வந்தவர் அரை மணி நேரம் கழுத்தளவுத் தண்ணீரிலேயே நின்றார், கரையில் பொம்பளையாட்கள் இருந்ததால்.

இதையெல்லாம் கயிறு பிடிக்கிற பாண்டியைத் தவிர அவர் யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாகப் பொன்மணியிடம் சொன்னதில்லை. அவள் கேட்டால்தானே சொல்வதற்கு? முங்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கொல்லைக்குக் குளிக்கப் போய்விடுவார். சகதி வாடை போக முக்கால் மணி நேரம் ஆகும். கூட வந்த பாண்டி கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கடுங்காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பான். குளித்து வருகிறவரிடம் பொன்மணி கேட்பது ஒன்றே ஒன்று.

"குழம்பு ஊத்தவா, ரசம் ஊத்தவா?"

பாண்டி அவருடைய கயிற்றுக்காரன். முங்குகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்காருவது அவன் வேலை. கயிறு ஒரு தடவை இழுபட்டால் இன்னும் விட வேண்டும், இரண்டு தடவை இழுபட்டால் தூக்க வேண்டும். எதுவுமே வராவிட்டால்? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. உள்ளே ஆள் முங்கியதும் மேலே கயிற்றுக்காரனும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். தன் மூச்சு முட்டியதும், எதையும் யோசிக்காமல் இழுத்துவிடுவான். ஆகவே நல்ல கயிற்றுக்காரனுக்கு நெஞ்சு மோசமாக இருக்க வேண்டும். பாண்டிக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்து மூச்சிளைப்பு, அதன்மேல் முப்பது வருஷத்துப் பீடி. நாற்பது எண்ணுவதற்குள் அவன் முகம் நாவல்பழம் மாதிரி ஆகிவிடும். ஐயாதுரை தொண்ணூறு வரை தாங்குவார். ஒரு மனிதனின் நோயை நம்பி இன்னொரு மனிதன் இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறான்.

இனி சகலைக்கு வருவோம்.

மோட்டார் பம்பு அதிகமாக விற்றுக்கொடுக்கும் கடைக்காரர்களைக் கம்பெனி சுற்றுலா கூட்டிப்போவது உண்டு. சோலைராஜுக்கு இந்த முறை அந்தமான் விழுந்தது. அங்கே முதுகில் காற்று உருளை கட்டிக் கடலுக்குள் முங்கியதை வீடியோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தன் மகளின் காதுகுத்து அன்றைக்கு, சொந்தபந்தம் பந்திக்குக் காத்திருந்த நேரம் பார்த்து, அதை வீட்டு டி.வி.யில் போட்டார். நீலத் தண்ணீர். மஞ்சள் மீன், ஊதா மீன், வரிபோட்ட மீன். நடுவில் சோலைராஜ். பின்னாலிருந்து பயிற்சி கொடுப்பவர் ஒருவர், பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவது போல அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அந்தக் கையை அங்கே கவனித்தது ஐயாதுரை ஒருவர்தான்.

"எம்புட்டு ஆழம் தம்பி?" என்று கேட்டாள் பொன்மணி.

"முப்பதடி மதினி! தலைக்கு மேல மூணு மாடி உசரத்துக்குத் தண்ணி. காது ரெண்டும் விண்ணு விண்ணுங்குது. அப்பப் பாத்து ஒரு மீனு வருது மதினி, என் மூஞ்சியப் பாக்குது. நான் அது மூஞ்சியப் பாக்கேன். யாரு யாரப் பாத்துப் பயந்தோம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"யாத்தே!" என்றாள் பொன்மணி, மார்பில் கைவைத்து.

ஐயாதுரை அந்த 'யாத்தே'யைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பாயசத்தில் முந்திரி இருந்ததா என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. இருபத்தாறு வருஷத்தில் அவருக்கென்று ஒரு 'யாத்தே' விழுந்ததில்லை. முப்பதடியாம். சுந்தரபாண்டியத்தில் கை கழுவப் போகிற கிணற்றிலேயே முப்பதடித் தண்ணீர் கிடக்கிறது.

அந்த வீடியோ அதோடு நிற்கவில்லை. மறுவாரம் கம்பெனியில் முதலாளி கௌதம்ராஜ் செல்போனை நீட்டினார். "ஏமய்யா ஐயாதுரை, இது உன் சகலையாமே! கடலுக்குள்ள எப்படிப் போயிருக்காரு பாரு. நீயும் இருக்கியே, கிணத்த விட்டு வெளிய வராம." தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் குத்தினார். ஐயாதுரை சிரித்துவிட்டு, அன்றைக்கு இரண்டு பேல் துணியைத் தேவைக்கு மேல் வெளுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலைராஜும் வெள்ளைத்தாயும் வன்னியம்பட்டிக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். கறிச்சோறு இறங்கிக்கொண்டிருக்கும்போதே சோலைராஜுக்குப் போன் வந்தது. சுந்தரபாண்டியத்தில் வாழை போட்டிருக்கும் பரிபூரணத்தம்மாள். சோலைராஜ் கடையில் வாங்கிய நீர்மூழ்கி மோட்டார், தாங்கு கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் மேலே வருகிற ஓஸ் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரெண்டு நாளாக வாழை காய்கிறது.

"பாண்டிக்கு இளைப்பு கூடிப்போய் பெட்ல சேத்திருக்காவ," என்றார் ஐயாதுரை. "கயிறு பிடிக்க ஆள் இல்லியே."

"நான் எதுக்கு இருக்கேன் சகலை? வாங்க போவோம்."

"நானும் வாரேன்," என்றாள் பொன்மணி.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிணற்றுக்கும் அவள் வந்ததில்லை. சகலை வருகிறார் என்றதும் கிளம்பிவிட்டாள். கிளம்பியதோடு இல்லாமல் தங்கையோடு அவருடைய காரிலும் ஏறிக்கொண்டாள். ஐயாதுரை கயிற்றுச் சுருளை முன்னால் வைத்துக்கொண்டு மொபெட்டில், கார் கிளப்பிய புழுதியைச் சாப்பிட்டபடி பின்னால் போனார்.

கிணற்றடியில் போய் நின்றதும் பொன்மணி செய்த முதல் காரியம், "அக்கா, பீஸ் கட்டையப் பிடுங்கி என் கையில குடுங்க," என்று பரிபூரணத்தம்மாளிடம் கேட்டது. உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் கரண்டைப் போட்டுவிடாமல் இருக்கப் பாண்டி வழக்கமாகச் செய்வது அது. ஐயாதுரை அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் கண் சகலையின் மேல் இருந்தது. சோலைராஜ் கார் டிக்கியிலிருந்து ஒரு கண்ணாடி முகமூடியையும், வாயில் வைக்கும் குழாய் ஒன்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தமானில் வாங்கியது.

"சகலை, நீங்க செத்த நேரம் உக்காருங்க. நான் போயி மோட்டார் எங்கன கெடக்குன்னு பாத்துட்டு வந்திருதேன். பொறவு நீங்க போயிக் கட்டுங்க."

பார்த்துவிட்டு வருவதாம். கிணறு வேறு கடல் வேறு, அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது, அந்தக் குழாய்க்கு உருளையும் கிடையாது என்று சொல்ல ஐயாதுரை வாயைத் திறந்தார். அதற்குள் பொன்மணி முந்திக்கொண்டாள்.

"பாத்து தம்பி."

ஐயாதுரையின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது வேறு வார்த்தை வந்தது. "போய்ட்டு வாங்க சகலை. நீங்க பாக்காத ஆழமா?"

தன் கையாலேயே சகலை இடுப்பில் கயிற்றைக் கட்டினார். ஒன்று என்றால் விடு, இரண்டு என்றால் தூக்கு என்று சொல்லிக் கொடுத்தார். சோலைராஜ் குழாயைக் கடித்துக்கொண்டு கடைசிப் படிக்கல்லில் இருந்து இறங்கினார். முகமூடி ஒரு தடவை பளபளத்தது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது.

ஐயாதுரை பழக்கம் தெரிந்த ஆள். உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பத்து. இருபது. கயிறு கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. முப்பது. கையில் ஒரு இழுப்பும் இல்லை. அவருக்கு நெஞ்சு நிம்மதியாக இருந்தது, அவருடைய மூச்சில் பாதிகூடத் தீரவில்லை. உள்ளே சகலைக்கு இப்போது கறுப்பு ஆரம்பித்திருக்கும், ஊதா மீனைத் தேடட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இழுங்க!"

பொன்மணி. முகமெல்லாம் சிவந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்காக? சகலைக்காக. நாற்பது எண்ணுகிற வரைக்கும். ஐயாதுரைக்கு உச்சியில் யாரோ சூடு வைத்தது போல இருந்தது.

"இன்னும் நேரம் கெடக்குட்டி," என்றார்.

"யாருக்கு?"

அந்த ஒரு கேள்வியில்தான் அவருக்கு விளங்கியது. தொண்ணூறு எண்ணும் நெஞ்சுக்காரன் கயிற்றைப் பிடித்தால் உள்ளே இருப்பவன் கதி என்ன? முறையெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார். கயிற்றை இழுத்தார். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தார். பரிபூரணத்தம்மாள் "ஏசுவே, ஏசுவே" என்று கூடவே பிடித்து இழுத்தாள். கடைசியில் கயிறு வந்தது. கயிற்றோடு சோலைராஜ் வந்தார். சோலைராஜோடு, அவர் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்த ஓஸும் வந்தது. இரண்டு கையும் ஓஸில் இருந்தால் கயிற்றை யார் இழுப்பது?

படிக்கல்லில் குப்புறப் போட்டு முதுகில் தட்டியதும் கிணற்றுத் தண்ணீரும் கறிச்சோறும் வெளியே வந்தன. கழற்ற மறந்த முகமூடிக்குள் தண்ணீர் நிறைந்து, அதில் இரண்டு கண்களும் பாட்டிலில் போட்ட மீன் மாதிரி உருண்டன. பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. வந்ததும் கேட்டார்:

"சகலை... லைட்ட எவன் அணச்சான்?"

பரிபூரணத்தம்மாள்தான் முதலில் சிரித்தது. வெள்ளைத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். பழக்க தோஷத்தில் குழாய் வழியாக ஒரு நல்ல மூச்சை இழுத்ததாகவும், காற்றுக்குப் பதில் கிணறு வந்ததாகவும் சோலைராஜ் சொன்னார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஐயாதுரை மட்டும் சிரிக்கவில்லை. சகலை இடுப்பில் தான் போட்ட முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மறந்துதான் போனோமா, அல்லது இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டோமா? அதை அவராலேயே திட்டமாகச் சொல்ல முடியவில்லை. துழாவிப் பார்க்கவும் விருப்பமில்லை. அங்கே கையில் என்ன தட்டுப்படுமோ.

மோட்டார் இன்னும் அடியில் கிடந்தது. சோலைராஜால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கயிற்றை எங்கே பிடிப்பது?

"நான் பிடிக்கேன்," என்றாள் பொன்மணி.

"ஏட்டி, ஒண்ணுன்னா..."

"விடணும். ரெண்டுன்னா தூக்கணும். தெரியும், போங்க."

எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. கண்ணை மூடி முங்கினார். பச்சையைத் தாண்டியிருப்பார், இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. மேலே வந்தார்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. போங்க."

இரண்டாம் தடவை இருபது எண்ணுவதற்குள் இழுத்துவிட்டாள். மூன்றாம் தடவை அடிக்குப் போய், மோட்டாரின் தலையில் கை பட்ட நிமிஷத்தில், கொக்கியில் மாட்டிய கெளுத்தி மாதிரி மேலே இழுபட்டார். மேட்டில் பரிபூரணத்தம்மாள், "ஏத்தா, அந்த மனுசன முங்கவும் விடு!" என்று கத்துவது காதில் விழுந்தது. நான்காம் தடவை, தொண்ணூறு எண்ணுகிற நெஞ்சை வைத்துக்கொண்டு இருபதுக்குள் முடிச்சைப் போட்டுவிட்டு வந்தார். அப்படி அவசரமாக அவர் வாழ்நாளில் எந்த முடிச்சும் போட்டதில்லை. தோட்டத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து மோட்டாரைத் தூக்கினார்கள்.

திரும்பும்போது பொன்மணி காரில் ஏறவில்லை. ஈரக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தாள். ஐயாதுரைக்கு அது போதவில்லை. ஒன்றைக் கேட்டாக வேண்டியிருந்தது.

"சகலைக்கு நாப்பது வரைக்கும் மூச்சப் பிடிச்சிருக்க. எனக்கு இருபதுதானா?"

பொன்மணி மடியிலிருந்து சரிந்த ஈரக்கயிற்றை ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"வெள்ளைத்தா வீட்டுக்காரவியளுக்கு நான் மூச்சப் பிடிச்சேன். உங்களுக்கு அதுவா நின்னுபோச்சு. நின்னுபோன மூச்சு எம்புட்டு நேரந்தான் தாங்கும்?" என்றாள். பிறகு, "பாண்டியண்ணன் இல்லையேன்னுதான் நான் வந்ததே. அந்தத் தம்பி கையில கயித்தக் குடுத்துட்டு வீட்ல உக்காந்திருக்க முடியுமா?"

வண்டி ஓட்டுவது திடீரென்று இலகுவாக இருந்தது. ஐயாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபத்தாறு வருஷமாகச் சேர்த்து வைத்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? ஒரு தடவ கிணத்துக்குள்ள துழாவுதேன், உருண்டையா ஒரு வயிறு..."

"பிள்ளையாரா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாண்டியண்ணன் சொன்னாக. பல்செட்டு, பிள்ளையாரு எல்லாந்தான். அவுக சொல்லும்போது பாக்கணும் நீங்க! கண்ண இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் நீட்டித் தடவித் தடவிக் காட்டுவாக. தும்பிக்க வந்ததும் நான் யாத்தேன்னு கத்துன கத்துல காப்பியக் கொட்டிட்டாக."

"டவுசர் கதையுமா?" என்றார் ஐயாதுரை மெல்ல.

"அதத்தான் மூணு தடவ சொல்லச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு நாளாவது கேட்டியா?"

"கேக்காமலா? கல்யாணமான புதுசுல கேட்டேன். உள்ள என்னங்க தெரியும்னு. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு குளிக்கப் போயிட்டீங்க. பொறவு என்னத்தக் கேக்க?"

ஆக, 'யாத்தே' விழாமல் இல்லை. கிணறு கிணறாக, வருஷக்கணக்கில், அவருடைய சொந்த வீட்டிலேயே விழுந்திருக்கிறது. அவர் கொல்லையில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, கடுங்காப்பி குடிக்க வந்த இளைப்புக்காரன் அத்தனையையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சோலைராஜ் பாவம், நல்ல மனுஷன் என்று ஐயாதுரைக்கு அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

இரண்டு வாரத்தில் பாண்டி தேறி வந்துவிட்டான். அடுத்த கிணறு முடிந்து, வழக்கம் போலக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"ஏலே பாண்டி, வீட்ல காப்பித்தூள் தீந்துபோச்சு," என்றார் ஐயாதுரை.

"அதனால என்ன அண்ணாச்சி? மதினி கையால வெந்நி குடுத்தாலும் போதும்."

ஐயாதுரை கொல்லைக்குப் போனார். முக்கால் மணி நேரக் குளியலை மூன்று நிமிஷத்துக்கு இறக்கினார். இரண்டாவது நிமிஷத்தில் உள்ளே பாண்டியின் குரல் கேட்டது: "அண்ணாச்சி முங்கி முப்பது எண்ணியாச்சு மதினி. கயிறு அசையல. எனக்குன்னா நெஞ்சடைக்கி..."

"யாத்தே! பொறவு?"

நன்றாகத்தான் சொல்கிறான், பாவிப்பயல். தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஐயாதுரை ஓசைப்படாமல் கொல்லைக் கதவோரம் வந்து நின்று, தான் உயிரோடு மேலே வந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்.